முதல் மூன்று நாட்களும் திரும்பி வரும் நாளும்: சேலத்திலும் சேர்வராயன் மலையிலும் புதிதாக வகுப்பேற்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வருகை வழிகாட்டி

சேலம் மாவட்டத்தில் அரசுப் பள்ளியிலோ உதவிபெறும் பள்ளியிலோ முதன்முறையாக வகுப்பாசிரியர் பொறுப்பை ஏற்பவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். ஏற்காட்டு மலைக் கிராமங்களில் பணியில் சேர்பவர்களையே முதன்மையாக மனத்தில் வைத்திருந்தாலும், அம்மாபேட்டையிலோ கொண்டலாம்பட்டியிலோ பாடம் நடத்தப் போகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். பாடங்களைக் கற்பிப்பதற்குப் பயிற்சிகள் பல உண்டு. வராத பிள்ளையை வரவைப்பது எப்படி என்பதையோ நம்மில் பலர் பக்கத்து வகுப்பு ஆசிரியரைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறோம். அவர் அக்கறையுள்ளவராக அமைந்தால் நல்ல பழக்கம் வரும், இல்லாவிட்டால் பதிவேட்டை நிரப்புவதோடு வேலை முடிந்தது என்ற எண்ணம் வந்துவிடும்.

எந்தப் பிள்ளையும் ஒரே நாளில் பள்ளியை விட்டு நின்றுவிடுவதில்லை. ஏன் வரவில்லை என்று யாருமே கேட்காமல் கழிந்த ஒரு நாளில் அது தொடங்குகிறது. விட்டுப்போன பாடம் புரியாமல், திரும்பி வந்த அன்று எல்லோர் முன்னிலும் தலைகுனிந்து நிற்க நேர்ந்து, மறுபடியும் வராமல் இருப்பதே எளிது என்று பிள்ளைக்குத் தோன்றும் வரை அது வளர்கிறது. ஆகவே ஆசிரியரின் உழைப்பு மாதக் கடைசியில் விழுக்காடு கணக்கிடுவதில் போவதைக் காட்டிலும், பிள்ளை வராமற்போன முதல் மூன்று நாட்களிலும், திரும்பி வருகிற அந்த ஒரு நாளிலும் போக வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. கீழே சொல்லும் வழிமுறைகள் எல்லாம் அதைச் சுற்றியே அமைந்தவை.

வகுப்பின் சராசரியை நம்ப வேண்டாம்

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இன் அட்டவணைப்படி 1 முதல் 5 வரையான வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாட்களும், 6 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு 220 வேலை நாட்களும் குறைந்த அளவாக வகுக்கப்பட்டிருக்கின்றன. மாதத்துக்கு இரண்டு நாள் வராத பிள்ளையை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. ஆனால் பத்து மாதத்தில் அது இருபது நாள். எட்டு வகுப்பு முடியும்போது 160 நாள், அதாவது ஏறத்தாழ முக்கால் கல்வியாண்டு. பெற்றோரிடம் இந்தக் கணக்கை ஒருமுறை தாளில் எழுதிக் காட்டினால் போதும், நீண்ட அறிவுரை தேவைப்படாது. “ரெண்டு நாள்தானே சார்” என்று சொல்பவர்கள் அலட்சியக்காரர்கள் அல்லர். அவர்களுக்கு அந்த இரண்டு நாளும் தனித்தனியாகத்தான் தெரிகிறது.

முப்பது பேர் இருக்கும் வகுப்பில் வருகை 90 விழுக்காடு என்றால் நாளொன்றுக்கு மூன்று பேர் வரவில்லை என்று பொருள். அந்த மூவர் நாள்தோறும் மாறிக்கொண்டே இருந்தால் பெரிய சிக்கல் இல்லை. நாள்தோறும் அதே மூவர் என்றால், அந்த மூன்று பேரும் கிட்டத்தட்டப் பள்ளியை விட்டே போய்விட்டார்கள், மற்ற இருபத்தேழு பேர் அதை மறைத்துக்கொண்டிருக்கிறார்கள். சராசரி எண் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது. எனவே வெள்ளிக்கிழமை மாலை பத்து நிமிடம் ஒதுக்கி, பதிவேட்டின் பக்கத்தைக் குறுக்காக, பிள்ளை பிள்ளையாகப் படித்துப் பாருங்கள். வேலை நாட்களில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வராதவர்களின் பெயர்களைத் தனியே எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியல்தான் அடுத்த வாரத்துக்கான உங்கள் வேலை.

ஜூன் மாதத்தில் செய்து முடிக்க வேண்டியவை

பள்ளி திறந்த முதல் இரண்டு வாரங்களில் ஒவ்வொரு பிள்ளையும் எந்த ஊரிலிருந்து, எந்த வழியாக, யாரோடு வருகிறது என்பதைக் கேட்டறியுங்கள். மலையில் இது மிகவும் முக்கியமானது. மாரமங்கலம், வெள்ளக்கடை, செம்மநத்தம் போன்ற ஊராட்சிகளில் குக்கிராமங்கள் ஒன்றுக்கொன்று தள்ளியே இருக்கின்றன. வரைபடத்தில் அருகில் தெரியும் ஊருக்கு, எஸ்டேட்டு வழியாக இறங்கி ஏறித்தான் போக வேண்டியிருக்கும். மழைநாளில் அந்தப் பாதை என்ன ஆகும், ஓடை குறுக்கிடுகிறதா, காட்டெருமை நடமாட்டம் உண்டா, பேருந்து எத்தனை மணிக்கு, அதைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்பனவற்றை அதே ஊரிலிருந்து வரும் பெரிய பிள்ளைகளே தெளிவாகச் சொல்வார்கள்.

குறைந்தது இரண்டு தொலைபேசி எண்களாவது இருக்க வேண்டும். மாணவர் விவரங்களைப் பள்ளிக் கல்வித் துறை பதிவுசெய்யும் எமிஸ் இணையதளத்தில் பதிவாகியிருப்பது பெரும்பாலும் தந்தையின் எண். அவர் வேலைக்குப் போன இடத்தில் சிக்னல் கிடைக்காது, அல்லது அந்த எண் மாறிப்போயிருக்கும். தாயின் எண்ணையும், அவரிடம் கைப்பேசி இல்லாவிட்டால் பக்கத்து வீட்டாரின் எண்ணையோ ஊரில் மளிகைக் கடை வைத்திருப்பவரின் எண்ணையோ வாங்கி, அந்த எண்ணில் ஒருமுறை பேசி உறுதிசெய்துகொள்ளுங்கள். முதல் அழைப்பு நல்ல செய்தியாக இருப்பது நல்லது. “பாப்பா இன்னைக்கு நல்லா படிச்சாங்கம்மா, சொல்லலாம்னுதான் கூப்பிட்டேன்” என்று ஜூன் மாதத்தில் பேசிய ஆசிரியரின் அழைப்பை, நவம்பரில் அந்தத் தாய் தயங்காமல் எடுப்பார்.

அடுத்ததாக, உங்கள் ஊரின் ஆண்டு எப்படி நகர்கிறது என்பதை ஒரு தாளில் மாதவாரியாக எழுதுங்கள். ஆடியில் சேலம் நகரில் கோட்டை மாரியம்மன் திருவிழாவும் ஆங்காங்கே மாரியம்மன் பண்டிகைகளும் வரும். உறவினர் ஊருக்குப் போனால் ஒரு நாள் விடுமுறை மூன்று நாளாக நீளும். ஐப்பசி, கார்த்திகையில் மலையில் மழையும் பனிமூட்டமும் சேர்ந்துகொள்ளும். நவம்பர் தொடங்கிக் காப்பிப் பழம் பறிப்பு, அது ஓய்ந்த பின் மிளகுப் பறிப்பு. அரையாண்டுத் தேர்வு வரும் டிசம்பரும் காப்பிப் பறிப்பின் உச்சமும் ஒன்றாகவே அமைகின்றன என்பதை இந்தத் தாளைப் பார்த்தவுடன் நீங்களே கண்டுகொள்வீர்கள். வரப்போவது முன்கூட்டியே தெரிந்துவிட்டால், அக்டோபரிலேயே பெற்றோரிடம் பேசத் தொடங்கலாம்.

பதிவேட்டில் உண்மை மட்டுமே

முற்பகலுக்கும் பிற்பகலுக்கும் தனித்தனியே வருகை எடுங்கள். மதிய உணவுக்குப் பிறகு யார் காணாமற்போகிறார்கள் என்பது காலையில் மட்டும் எடுத்தால் தெரியவே தெரியாது. வருகைச் செயலியில் பதிவிட வேண்டிய நேரத்துக்குள், சிக்னல் இல்லாத இடத்தில் பணியாற்றுவோர் முதலில் தாளில் எடுத்துவிட்டுப் பிறகு ஏற்றலாம். நினைவிலிருந்து ஏற்றுவது மட்டும் கூடாது.

வராத பிள்ளைக்கு வருகை போடும் வழக்கம் எந்தப் பள்ளியில் இருந்தாலும் அதில் சேராதீர்கள். அதை இரக்கம் என்று நினைத்துச் செய்பவர்கள் உண்டு. அந்தப் பிள்ளை வேலைக்கு அனுப்பப்பட்டிருந்தால், திருமணத்துக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தால், நோயில் கிடந்தால், அதை வெளியுலகுக்குச் சொல்லும் ஒரே தாள் உங்கள் பதிவேடுதான். அதில் பொய்யான வருகை விழுந்துவிட்டால் பிள்ளையைத் தேட யாருக்கும் காரணம் இருக்காது. 11, 12ஆம் வகுப்புகளில் அகமதிப்பீட்டு மதிப்பெண்ணில் வருகைக்கும் பங்கு இருப்பதால் இந்த நெருக்கடி பெற்றோரிடமிருந்தும் வரலாம். அப்போதும் விடை இதுவே.

பதிவேட்டோடு ஒரு சிறிய குறிப்பேடும் வைத்துக்கொள்ளுங்கள். தேதி, பெயர், பிள்ளை சொன்ன காரணம், வீட்டார் சொன்ன காரணம், நீங்கள் செய்தது என ஐந்து பத்திகள் போதும். இரண்டு மாதத்தில் அந்தக் குறிப்பேடு பேசத் தொடங்கும். திங்கட்கிழமைகளில் மட்டும் வராத பையன், ஞாயிறன்று சுற்றுலாப் பயணிகள் வரும் இடத்தில் கடையில் நின்றுவிட்டுக் களைத்துப்போனவனாக இருக்கலாம். வாரச் சந்தை நாளில் வராத பெண், தாய் சந்தைக்குப் போனதால் தம்பியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். கணக்குத் தேர்வு அறிவித்த நாட்களில் எல்லாம் வயிற்றுவலி வரும் பிள்ளைக்கு மருந்து வேறு இடத்தில் இருக்கிறது.

முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள்

முதல் நாள், முதல் பாடவேளை முடிவதற்குள், அதே ஊரிலிருந்து வரும் பிள்ளைகளிடம் விசாரியுங்கள். உடன்பிறந்தவர்கள் வேறு வகுப்பில் இருந்தால் அவர்களிடம் கேளுங்கள். அடுத்து வீட்டுக்கு ஓர் அழைப்பு. பேசும்போது குற்றம் சாட்டும் தொனி துளியும் வேண்டாம். “வணக்கம்மா, ஸ்கூல்ல இருந்து பேசறங்க. தம்பி இன்னைக்கு வரலைங்களே, உடம்பு ஏதும் சரியில்லைங்களா?” என்ற அளவில் நிறுத்திக்கொண்டு, அவர்கள் சொல்வதை முழுதாகக் கேளுங்கள். பிள்ளை வீட்டிலிருந்து புறப்பட்டுப் பள்ளிக்கு வந்து சேரவில்லை என்று தெரிந்தால் அது தனி அவசரம். உடனே தலைமை ஆசிரியரிடம் சொல்லித் தேடத் தொடங்க வேண்டும். அன்றாடம் காலையிலேயே விசாரிக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாம் நாளும் வராவிட்டால் மறுபடி அழைப்பதோடு, வகுப்பில் நெருங்கிய தோழனிடமோ தோழியிடமோ அன்றைய பாடத்தின் குறிப்பைக் கொடுத்தனுப்புங்கள். படிக்கிறதோ இல்லையோ, தன் இடம் வகுப்பில் காலியாக இருப்பதை ஆசிரியர் கவனித்திருக்கிறார் என்பது பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

மூன்றாம் நாள் வீட்டுக்கே போய் வாருங்கள். நோய் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் இதைத் தள்ளிப்போடலாம். பள்ளி நேரத்தில் போனால் எஸ்டேட்டுக் குடியிருப்புகளில் யாரும் இருக்கமாட்டார்கள். வேலை முடிந்து அவர்கள் திரும்பும் நேரத்தில், இருட்டுவதற்குள் திரும்பிவிடும்படி போக வேண்டும். தனியே போகாமல், பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள ஒரு பெற்றோரையோ அந்த ஊர்க்காரர் ஒருவரையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். வாசலில் நின்று சட்டம் பேசாதீர்கள். உட்காரச் சொன்னால் உட்காருங்கள், தேநீர் கொடுத்தால் குடியுங்கள். முதலில் வீட்டின் நலம், வேலை, மழை பற்றிப் பேசிவிட்டு, “பாப்பா வராதது எனக்குக் கவலையா இருந்துச்சுங்க, என்னால ஏதாவது ஆகுமான்னு பார்க்க வந்தேன்” என்று சொல்லிப் பாருங்கள். காரணம் பெரும்பாலும் அப்போதே வெளியே வந்துவிடும். பிள்ளையை அவர்கள் முன்னால் திட்டவைக்கவோ அடிக்கவைக்கவோ இடம் கொடுக்காதீர்கள்; உங்களுக்கு மரியாதை செய்வதாக எண்ணி அதைச் செய்யும் தந்தையர் உண்டு, அதைத் தடுப்பது உங்கள் பொறுப்பு.

காப்பிப் பறிப்புக் காலம்

மலைப் பள்ளிகளில் இதுவே மிகக் கடினமான பகுதி என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பழம் பறிக்கும் காலத்தில் பல எஸ்டேட்டுகளில் எடைக் கணக்கில் கூலி உண்டு. எத்தனை கை கூடுகிறதோ அத்தனை கிலோ கூடும் என்பதால், பள்ளிப் பிள்ளையின் கையும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. வீட்டில் அந்தச் சில மாதங்களில்தான் கடன் அடையும், பொங்கலுக்குத் துணி எடுக்க முடியும். இதைத் தெரிந்துகொள்ளாமல் “படிப்பைக் கெடுக்கிறீர்கள்” என்று சொல்லும் ஆசிரியரை அவர்கள் மதிப்பார்கள், ஆனால் நம்பமாட்டார்கள்.

சட்டம் தெளிவானது. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கு 2016இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை எந்தத் தொழிலிலும் அமர்த்தக்கூடாது. குடும்பத்தின் சொந்தத் தொழிலில், அபாயம் இல்லாத வேலைகளில், பள்ளி நேரம் முடிந்த பிறகோ விடுமுறையிலோ உதவுவதற்கு இடமுண்டு. பிறருடைய எஸ்டேட்டில் கூலிக்குப் பறிப்பது குடும்பத் தொழில் ஆகாது. சட்டத்தைப் பெற்றோரிடம் முதலில் எடுத்துச் சொல்வதைவிட, எஸ்டேட்டு மேலாளரிடமும், வேலையாட்களை மேற்பார்க்கும் மேஸ்திரியிடமும் தலைமை ஆசிரியர் வழியாக அக்டோபரிலேயே எடுத்துச் சொல்வது பலன் தரும். பள்ளி நாளில் பிள்ளையின் பழத்தை எடை போடமாட்டோம் என்று மேஸ்திரி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், பல வீடுகளில் பிள்ளை தானாகப் பள்ளிக்கு வந்துவிடும்.

பறிப்புக்குப் போகாமலே பள்ளிக்கு வராத பிள்ளைகளும் இருக்கிறார்கள், பெரும்பாலும் பெண்கள். தாய் விடியற்காலையில் வேலைக்குப் போய்விடுவதால் கைக்குழந்தையைப் பார்க்க மூத்தவள் வீட்டில் நிற்கிறாள். இங்கே பேச வேண்டியது அவளைப் பற்றி அல்ல, அந்தக் கைக்குழந்தையைப் பற்றி. அருகில் அங்கன்வாடி இருக்கிறதா, எத்தனை மணிக்குத் திறக்கிறது, அந்தக் குழந்தை அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் வேலை செய்யும் தோட்டங்களில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்பதை 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே வகுத்தது. பெரிய எஸ்டேட்டில் அது நடக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை. தம்பிக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டால் அக்கா பள்ளிக்கு வருவாள்.

வேலைக்காகக் குடும்பமே கேரளத்துக்கோ குடகுக்கோ இடம்பெயர்வதும் உண்டு. வட மாநிலங்களிலிருந்து எஸ்டேட்டு வேலைக்கு வந்து தங்கும் குடும்பங்களும் உண்டு. போகிறவர்களிடம், தாத்தா பாட்டியோடு பிள்ளையை விட்டுச் செல்ல முடியுமா, அல்லது அரசு பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளி விடுதியில் சேர்க்க விருப்பமா என்று புறப்படுவதற்கு முன்பே பேசுங்கள். வருகிற குடும்பத்தின் பிள்ளைகளை, மாற்றுச் சான்றிதழோ வயதுச் சான்றோ இல்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம், 14ஆம் பிரிவுகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. மொழி தெரியாத பிள்ளைக்கு முதல் வாரம் பெயர் சொல்லி அழைப்பதும் பக்கத்தில் ஒரு துணையை அமர்த்துவதும் பாடத்தைவிட அவசியம்.

மற்ற காரணங்கள்

சேலம் நகரத்திலும் சுற்றுப்புறத்திலும் வேலை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் வீட்டில் சலங்கை கோப்பதும், தறி வீட்டில் தார் (ஊடைநூல் குழல்) சுற்றுவதும் சிறு பிள்ளைகளின் கைக்கு வரும் வேலைகள். பண்டிகைக்கு முன் ஆர்டர் நெருக்கும்போது பிள்ளை இரவு வெகுநேரம் உட்கார்ந்திருக்கும். மறுநாள் வந்தாலும் வகுப்பில் தூங்கும். தொடர்ந்து தாமதமாக வருவதையும் தூங்குவதையும் வராமையின் முன்னறிவிப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள். தறியில் அறுந்த இழையை உடனே முடிந்துவிடுவது போல, இங்கும் காலதாமதமின்றிப் பெற்றோரை அழைத்துப் பேசிவிட வேண்டும்.

நோய் பற்றிச் சுருக்கமாக. அம்மை போட்டிருக்கும் பிள்ளையை வரச்சொல்லாதீர்கள். கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை வீட்டில் இருப்பதே சரி, மற்றவர்களுக்கும் அதுவே பாதுகாப்பு. தண்ணீர் ஊற்றும் சடங்குகளை மதியுங்கள். அவை முடிந்த பிறகும் நாட்கள் நீண்டால் அன்போடு நினைவூட்டுங்கள். பொன்னுக்கு வீங்கிக்கு வீக்கம் தொடங்கியதிலிருந்து ஐந்து நாள் வீட்டில் இருக்க வேண்டும். சாதாரணச் சளிக்கும் லேசான தலைவலிக்கும் வீட்டில் நிறுத்த வேண்டியதில்லை என்பதையும் பெற்றோர் கூட்டத்தில் சொல்லிவிடுங்கள். அடிக்கடி ஒரே நோய் என்று வராத பிள்ளையைப் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் கட்டாயம் காட்டுங்கள். கண்பார்வைக் குறைவும் இரத்தசோகையும் சோம்பல் என்றே பலகாலம் தவறாகக் கருதப்படுகின்றன.

பூப்பெய்திய பெண்பிள்ளை குடிசையிலோ தனி அறையிலோ வைக்கப்படும் நாட்கள், அதன் பின் சடங்கு, உறவினர் வருகை என்று இரண்டு மூன்று வாரம் எளிதாகப் போய்விடும். அதன் பிறகு அவள் திரும்பி வராமற்போகும் அபாயம் மிக அதிகம், ஏனென்றால் வீட்டில் அவளைப் பற்றிய பேச்சே மாறிவிடுகிறது. பெண் ஆசிரியர் ஒருவர் சடங்குக்கே போய் வாழ்த்திவிட்டு, எந்தத் தேதியில் பள்ளிக்கு வருவாள் என்பதைத் தாயிடமும் பாட்டியிடமும் பேசி முடித்துவிட்டு வர வேண்டும். மாதந்தோறும் இரண்டு மூன்று நாள் வராத பெண்ணைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பள்ளிக் கழிவறையில் தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா, அரசு தரும் நாப்கின் உரிய நாளில் கையில் கிடைக்கிறதா என்பதைத் தலைமை ஆசிரியர் வாரந்தோறும் பார்த்தால் இந்த வராமையில் பெரும்பகுதி குறையும் என்பது என் எண்ணம். திருமணப் பேச்சு காதில் விழுந்தால் தாமதிக்கவே கூடாது: 18 வயதுக்கு முன் பெண்ணின் திருமணம் 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி குற்றம், குழந்தைகள் உதவி எண்ணான 1098இல் எந்த நேரமும் சொல்லலாம். அதே பேச்சில், 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் என்பதையும் வீட்டில் சொல்லுங்கள்; காத்திருப்பதற்கு அது ஒரு காரணமாகிறது.

பள்ளியே காரணமாக இருப்பதும் உண்டு. அடிக்குப் பயந்து, கேலிக்குக் கூசி, எழுத்துக்கூட்டிப் படிக்க வராததை மறைக்க வராமல் இருக்கும் பிள்ளைகளை எந்தக் காலத்துப் பட்டியலிலும் பார்க்கலாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத்தை வருத்துவதையும் தடைசெய்கிறது. காரணம் சக ஆசிரியர் என்றால் பேசுவது சங்கடமாகத்தான் இருக்கும். ஆயினும் தலைமை ஆசிரியரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

திரும்பி வரும் நாள்

பிள்ளை திரும்பி வருகிற காலையில் “என்ன, வழி தெரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள். வகுப்பு சிரிக்கும், அந்தச் சிரிப்பை அது பல நாள் மறக்காது. “வாம்மா, உன்னைத் தேடிட்டே இருந்தோம்” என்று சொல்லி அதன் இடத்தில் உட்காரவையுங்கள். விடுப்புக் கடிதம் வேண்டும், ஆனால் அது வகுப்புக்குள் நுழைவதற்கான சீட்டு அல்ல. எழுதத் தெரியாத பெற்றோரின் பிள்ளையைக் கடிதம் இல்லை என்று வெளியே நிறுத்தினால் மறுநாளும் வராது. பிள்ளையே எழுதி, பெற்றோர் கையொப்பமோ கைநாட்டோ இட்ட கடிதம் போதும்.

விட்டுப்போன எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வரச் சொல்வது தண்டனையே தவிரக் கற்பித்தல் அல்ல. பாடங்களில் எது இல்லாவிட்டால் அடுத்தது புரியாதோ அதை மட்டும் தேர்ந்தெடுங்கள். கணக்கில் பின்னத்தின் கூட்டலுக்கு வராமற்போனவனுக்குப் பொதுப் பகுதி காணும் முறை தெரிந்தாக வேண்டும். சமூக அறிவியலில் விட்டுப்போன பாடம் ஒன்றைப் பிறகு படித்துக்கொள்ளலாம். மதிய உணவுக்குப் பின் பதினைந்து நிமிடம், மூன்று அல்லது நான்கு நாட்களுக்கு, நீங்களோ நன்றாகப் புரிந்துகொண்ட ஒரு மாணவரோ உடன் உட்காருங்கள். மாதக்கணக்கில் விட்டிருந்தால் கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர வழிவகுக்கிறது. வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநரிடம் இதைக் கேட்டுப் பெறலாம்.

பெற்றோரும் குழுவும்

பெற்றோரை முறையாகச் சந்தித்து வருகையின் ஒழுங்கையும் கற்றல் முன்னேற்றத்தையும் தெரிவிப்பது ஆசிரியரின் கடமை என்று அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்கிறது. கூட்டத்தில் வராதவர்களின் பெயரைப் பொதுவில் வாசிக்காதீர்கள். மாதத்துக்கு இரண்டு நாள் எப்படி 160 நாளாகிறது என்ற கணக்கைப் பொதுவாக விளக்கிவிட்டு, தனித்தனியே அவரவர் பிள்ளையின் நாட்களைக் காட்டுங்கள். மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள் என்பது வெறும் விதி அல்ல. உங்கள் சொல் போகாத வீட்டுக்கு அந்த அம்மாக்களின் சொல் போகும். பேருந்து நேரத்தை மாற்றக் கேட்பது, சேதமான பாதையைச் சீர்செய்ய ஊராட்சிக்கு எழுதுவது போன்ற வேலைகளைக் குழுவின் தீர்மானமாகவே அனுப்புங்கள்.

வீட்டுக்குப் போயும் பேசியும் பலன் இல்லாதபோது தலைமை ஆசிரியர், வட்டாரக் கல்வி அலுவலர், ஆசிரியர் பயிற்றுநர் என்ற வரிசையில் எழுத்தில் கொண்டுசெல்லுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணும் இருக்கிறது. தண்டத் தொகை வாங்குவதும், பெயரை நீக்கிவிடுவதாக மிரட்டுவதும் வேண்டாம். முழு வருகைக்கு மட்டும் பரிசு தருவதையும் நான் ஏற்கவில்லை: காய்ச்சலோடு வந்த பிள்ளை பரிசு பெறும், ஆறு கிலோமீட்டர் நடந்து வந்து இரண்டு நாள் மட்டும் மழையில் தவறவிட்ட பிள்ளை பெறாது. சென்ற மாதத்தைவிட இந்த மாதம் கூடுதலாக வந்தவர்களைப் பாராட்டுங்கள். அது எல்லோருக்கும் எட்டும் தூரத்தில் இருக்கும்.

ஐந்து முடித்து ஆறு, எட்டு முடித்து ஒன்பது

மலைப் பிள்ளைகள் அதிகமாக நழுவுவது பள்ளி மாறும் இடத்தில். காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவுபடுத்தப்பட்டது. தாய் இருட்டோடு வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைக்கு அது பெரிய ஆதரவு. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் அந்த உணவும் நின்று, நடக்கும் தூரமும் கூடுகிறது. ஆறாம் வகுப்பில் வருகை குறைவதற்கு இவ்விரண்டும் சேர்ந்தே காரணம் என்று கருதுகிறேன்; புதிய ஆறாம் வகுப்பு ஆசிரியர், காலையில் யார் சாப்பிடாமல் வருகிறார்கள் என்பதை முதல் வாரத்திலேயே மென்மையாகக் கேட்டறிய வேண்டும்.

உறைவிடப் பள்ளிக்குப் போகிறவர்கள் விடுமுறை முடிந்து நாட்கள் கழித்துத் திரும்புவது வழக்கம். விடுமுறைக்கு அனுப்பும்போதே திரும்பும் தேதியையும் பேருந்தையும் பெற்றோரிடம் எழுதிக் கொடுத்து, முந்தின நாள் ஒருமுறை அழைத்து நினைவூட்டுங்கள்.

ஏப்ரல் மாதத்திலேயே, வகுப்பு முடிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் அடுத்து எந்தப் பள்ளியில் சேரப்போகிறது என்பதை எழுதி வாங்குங்கள். மாற்றுச் சான்றிதழைத் தயாராக வையுங்கள். நீங்கள் ஆண்டு முழுதும் எழுதிய குறிப்பேட்டிலிருந்து, காப்பிப் பறிப்புக் காலத்தில் கவனிக்க வேண்டியவர்கள், தம்பி தங்கையைப் பார்க்க நிற்பவர்கள், நெடுந்தூரம் நடப்பவர்கள் ஆகியோரின் பெயர்களைத் தனித்தாளில் எழுதி, புதிய பள்ளியின் தலைமை ஆசிரியரிடம் நேரில் கொடுங்கள். ஜூன் இரண்டாம் வாரத்தில் அந்தப் பள்ளிக்கு ஓர் அழைப்பு விடுத்து, பெயர் பெயராகக் கேளுங்கள். சேராத பிள்ளை ஒன்றிருந்தால், அது உங்கள் வகுப்பில் இப்போது இல்லாவிட்டாலும், அந்த வீட்டுக்கு வழி தெரிந்தவர் நீங்கள்தான் என்பதால், அந்த வாரமே ஒரு மாலை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.